வாசித்துவிட்டு ஊறப்போடுபவள்

ஆலங்குடி மாதா கோயில் உபதேசியார் வகுப்பு வாசலில் வந்து குடையை மடக்கியபோது, நான் மூன்றாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அரிமளத்துக்கு மாற்றலாகி வந்த இந்த இரண்டு வருஷத்தில் அவர் என்னைத் தேடி வந்ததே இல்லை. புதுக்கோட்டையில் பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்து வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அருளாயி டீச்சர் நேத்து மத்தியானம் தவறிட்டாங்க டீச்சர். இன்னைக்கு நாலு மணிக்கு அடக்கம். வேற யாருக்குச் சொல்லாட்டியும் ஒங்களுக்குச் சொல்லிரணும்னு அவங்க தம்பி என்னைய அனுப்பிவச்சாரு."

பிள்ளைகள் தம் பாட்டுக்கு "ஏழேழு நாற்பத்தொன்பது" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எழுபது வரைக்கும் போய் அவர்களாகவே நிறுத்தினார்கள். அப்புறம் தலைமையாசிரியையிடம் சொல்லிக்கொண்டு உபதேசியாரோடு பஸ் ஏறினேன்.

நினைவு மலர் ஒன்று போடுகிறோம், நாலு வார்த்தை எழுதுங்கள் என்று அடக்கம் முடிந்து திரும்பும்போது உபதேசியார் கேட்டார். நாலு வார்த்தையில் அடங்குகிற ஆள் அவள் இல்லை. 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் நாங்கள் ஒருவரையொருவர் 'வாங்க டீச்சர், போங்க டீச்சர்' என்போம். வாசலைத் தாண்டிவிட்டால் 'வாடி, போடி'தான். அந்த உரிமையில் அவள் என்றே எழுதுகிறேன். மரியாதை போதாது என்று நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அவளோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவளிடம் படித்த பெண்களுக்கும் அவளுடைய காகிதப் பைத்தியத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெருவில் போகும்போது ஒரு சோப்பு உறை கிடந்தால் குனிந்து எடுத்து, உதறி, முந்தானையில் முடிந்துகொள்வாள். தீப்பெட்டிப் படம், துணிப் பீஸின் மேல் ஒட்டி வரும் ஜிகினா லேபில், பழைய காலண்டரில் இருக்கும் கப்பல், பத்திரிகையில் வந்த குதிரை என்று எதையும் விடமாட்டாள். நாங்கள் இருவரும் ஆலங்குடிப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். முதல் வாரமே நான் கேட்டேன், "ஏன் டீச்சர், குப்பை பொறுக்கத்தான் டிரெயினிங் ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தாங்களா?" அவள் சிரித்துவிட்டு, என் கையில் இருந்த பக்கோடாப் பொட்டலத்தைக் காட்டி, "தின்னு முடிச்சிட்டீங்கன்னா அந்தத் தாளைக் குடுங்க. அதுல ஒரு யானை இருக்கு" என்றாள்.

இதையெல்லாம் அவள் ஒட்டி வைத்தது பழைய வருகைப் பதிவேடுகளில். வருஷம் முடிந்து மூலையில் போட்டிருந்த பதிவேடுகளைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டு, சனிக்கிழமைகளில் உட்கார்ந்து ஒட்டுவாள். ஒருமுறை சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் கண்ணில் ஒரு பதிவேடு பட்டுவிட்டது. சர்க்கார் தஸ்தாவேஜை இப்படிப் பாழாக்கலாமா என்று அந்த அம்மாள் குதியாய்க் குதித்தார். அருளாயி அசையவில்லை. "பேரு ஒண்ணையும் மறைக்கலைங்க. பேரைச் சுத்தித்தான் ஒட்டியிருக்கேன். பாருங்க" என்று பக்கத்தைப் புரட்டினாள். உண்மைதான். ஒவ்வொரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்திலும் அந்தப் பெண் கொண்டுவந்து கொடுத்த படம் இருந்தது. பாதி வருஷத்தில் கல்யாணமாகி நின்றுபோன பெண்களின் பெயருக்குப் பக்கத்திலும் இருந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, எந்த வருஷத்துப் பட்டியலை வேண்டுமானாலும் சொல்வாயாமே என்று கேட்டார். அருளாயி கையைக் கட்டிக்கொண்டு முப்பத்தாறாம் வருஷத்து இரண்டாம் வகுப்பை முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை ஒப்பித்தாள். அப்படி ஒரு ஞாபகம் அவளுக்கு. இதைச் சொல்லி வைக்கிறேன், பிறகு வேண்டியிருக்கும்.

படமில்லாத தாள்களுக்கு வேறு வழி வைத்திருந்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அறுத்துக் குறிப்பு நோட்டாகத் தைத்துவிடுவாள். இரண்டு பக்கமும் எழுதியிருந்தால் தாழியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுவாள். மூன்று நாள் கழித்து வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுரலில் போட்டு மை போல ஆட்டி, கவிழ்த்து வைத்த சட்டியின் மேல் அப்பித் தட்டிக் காயவைப்பாள். காய்ந்ததும் கழன்று வரும். அதற்குமேல் கலர்த்தாள் ஒட்டினால் பெட்டி, கூடை, தட்டு, என்ன வேண்டுமோ அது. உங்களில் பாதிப் பேர் வீட்டில் அவள் செய்த கூடை இருக்கும். வெந்தய நாற்றம் அவள் சேலையிலிருந்து போனதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குத் தலை வலிக்கும் என்று நான் சொல்லாத நாளில்லை.

ஒரு கிறுக்கு அவளுக்கு உண்டு. எந்தத் தாளையும் வாசிக்காமல் தாழியில் போடமாட்டாள். பரீட்சைத் தாள், ஏலத் தண்டோரா நோட்டீஸ், மருந்துக் கடைச் சீட்டு எல்லாம் ஒரு எழுத்து விடாமல் வாசித்தாக வேண்டும். "யாரோ மெனக்கெட்டு எழுதியிருக்காங்கள்ல. அழிக்கிறதுக்கு முந்தி ஒரு தடவை வாசிச்சிரணும். நாம வேற என்ன மரியாதை செய்யப்போறோம் அவங்களுக்கு" என்பாள். நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

இனி என் வீட்டு விஷயம். ஊருக்குத் தெரிந்தால் தெரியட்டும். இதைச் சொல்லாமல் அருளாயியைப் பற்றி எழுதினால் அது அவளைப் பற்றியதாக இருக்காது. என் வீட்டுக்காரர் கல்யாணமான இரண்டாம் வருஷம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாய் நாட்டுக்குப் போனார். ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை, அதாவது கணக்குப்பிள்ளை. போன ஒரு வருஷத்தில், அங்கிருந்து வந்த ஒருவர் எங்கள் ஆத்தாவிடம், உங்கள் மாப்பிள்ளை அங்கே வேறு பெண்ணோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவர் போட்ட கடிதம் ஒன்றையும் நான் பிரிக்கவில்லை. வந்தது வந்தபடியே டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டேன். பிரிக்காமல் வைப்பதுதான் நான் அவருக்குக் கொடுக்கும் தண்டனை என்று நினைத்தேன். பதினொரு கடிதங்கள் சேர்ந்தன. அப்புறம் ஜப்பான்காரன் மலாயைப் பிடித்தான், தபால் நின்றுபோயிற்று.

அதற்கு அடுத்த வருஷம் காகிதத்துக்கு வந்த பஞ்சம் நினைவிருக்கும். பிள்ளைகளுக்கு நோட்டுக் கிடையாது, பரீட்சையைச் சிலேட்டில் வைத்தோம். அருளாயி வீடு வீடாகப் போய்ப் பழைய தாள் கேட்டாள். என் வீட்டுக்கும் வந்தாள். பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன், பெட்டியை நகர்த்தியபோது அந்தக் கட்டு கண்ணில் பட்டு வயிறு எரிந்துகொண்டிருந்த நேரம். கட்டை அப்படியே எடுத்து அவள் மடியில் போட்டேன்.

"இது என்னடி, ஒட்டுப் பிரிக்காத கவரு?"

"ஊறப்போடு. கேள்வி கேக்காதே. நல்லா ஆட்டி எனக்கு ஒரு கூடை செஞ்சு குடு."

"காமு..."

"ஊறப்போடுவியா, இல்ல நான் அடுப்புல போடவா?"

அவள் அதை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு வாரம் கழித்துக் கூடை வந்தது. நல்ல வட்டமான கூடை, வெளியே நீலத்தாள் ஒட்டியிருந்தாள். நான் அதில் மிளகாய் வற்றல் போட்டு வைத்தேன். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன். சமைக்கும்போதெல்லாம் அதைப் பார்க்க ஒரு திருப்தி இருந்தது. இன்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

யுத்தம் முடிந்து கப்பல் வர ஆரம்பித்ததும் மலாயிலிருந்து பிழைத்தவர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். என் வீட்டுக்காரரின் தோட்டத்தில் இருந்த ஒருவர் திருமயத்திலிருந்து வந்து சேதி சொன்னார். ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களை லாரியில் ஏற்றியபோது இவரையும் ஏற்றினார்களாம். அங்கே காட்டுக் காய்ச்சலில் போய்விட்டார். நாற்பத்துநாலில் நடந்ததை நான் நாற்பத்தாறில் கேட்டேன்.

தாலியை எடுத்ததற்கு நான் அழவில்லை. வந்தவர் போகும்போது வாசலில் நின்று, "ஒங்களுக்குத்தான் அடிக்கடி கடுதாசி எழுதுவாரு. என்னதான் அப்படி எழுதுவாரோன்னு நாங்க கேலி பண்ணுவோம்" என்றார். அதற்குத்தான் அழுதேன். பதினைந்து நாள் கழித்துப் பள்ளிக்கூடம் போனவள், மத்தியான இடைவேளையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் அருளாயியிடம் கத்தினேன். "அதுல என்ன எழுதியிருந்தாரோ! இனி எந்தக் காலத்துல எனக்குத் தெரியப்போகுது? நான்தான் பைத்தியக்காரி, குடுத்தேன். நீங்க ஏன் ஊறப்போட்டீங்க?"

அவள் சாப்பாட்டுத் தூக்கை மூடினாள். "டீச்சர், நான் அதையெல்லாம் வாசிச்சேன்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. "எதை?"

"ஒங்க கடுதாசியை. பதினொண்ணையும். வாசிக்காம ஊறப்போட எனக்குக் கை வரலை."

"ஒட்டின கவரைப் பிரிச்சீங்களா? யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கலை. வாசிச்சது என் கிறுக்கு. ஊறப்போட்டது ஒங்க சொல்லு. எடுத்து ஒளிச்சு வச்சிருக்கலாம், வைக்கலை. அது என் தப்புத்தான்."

என்னென்ன சொன்னேன் என்று இப்போது எழுதமாட்டேன். புருஷன் பெண்டாட்டி கடிதத்தைப் படிக்கிறவள், திருடி, அதற்கு மேலும் சொன்னேன். கல்யாணமே செய்துகொள்ளாத ஒருத்தியிடம் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையையும் சொன்னேன். அன்று அங்கே இருந்தவர்கள் இதைப் படித்தால், அந்த வார்த்தையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். அவள் மறந்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் அவளோடு பேசவில்லை. ஒரே ஹாலில் நடுவில் ஒரு தட்டி வைத்து மறைத்து அந்தப்பக்கம் அவள் வகுப்பு, இந்தப்பக்கம் என் வகுப்பு. அவள் பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் நான் வேண்டுமென்றே வாய்ப்பாடு ஆரம்பிப்பேன்.

கோபம் ஆறியதால் நான் அவளிடம் போகவில்லை. கோபம் அப்படியே இருந்தது. ஆனால் உலகத்தில் ஒரே ஒருத்திக்கு அந்தக் கடிதங்கள் தெரியும் என்பது என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் போனேன். முற்றத்தில் சட்டியைக் கவிழ்த்துக் கூழ் அப்பிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே கேட்டேன், "முதல் கடுதாசியில என்ன எழுதியிருந்தாரு?"

அவள் வா என்றுகூடச் சொல்லவில்லை. கையை எடுக்காமல், திரும்பிப் பார்க்காமல், பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்ல ஆரம்பித்தாள். தோட்டத்தில் தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு மழை வருகிறது, கடிகாரமே வேண்டாம். ரப்பர் பால் நாற்றம் சோற்றில்கூட அடிக்கிறது. உன் பல்வலி எப்படி இருக்கிறது, கிராம்பு வைத்தாயா. அவ்வளவுதான். அடுத்தது என்னவென்று கேட்டேன். "அடுத்த வாரம் வா. அவரு விட்டு விட்டுத்தான எழுதுனாரு. ஒரே மூச்சுல கேட்டா மனசுல நிக்காது" என்றாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும், திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாவது கடிதத்தில் புளிக்குழம்பு எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாராம். எனக்குச் சந்தேகம் வந்தது. சமையல்கட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன் குழம்பைப் பற்றி எழுதுவாரா? பல்வலியும் அப்படித்தான், அதை நானே இவளிடம் எப்போதாவது சொல்லியிருப்பேன். இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு எடுத்து ஒட்டி ஒரு படம் செய்வது இவளுக்குக் கைவந்த வேலை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு புருஷனையே ஒட்டித் தருகிறாளோ? மூன்றாவது வாரமும் இந்த எண்ணத்தோடுதான் கேட்டேன். நல்ல வார்த்தைகளாகவே இருந்தன. அதனாலேயே எரிச்சலாக வந்தது.

நாலாவது சனிக்கிழமை அவள் கூழில் கை வைக்கவில்லை. "நாலாவதை விட்டுட்டு அஞ்சாவதுக்குப் போயிரலாமா காமு?" என்று கேட்டாள்.

"ஏன்?"

"போயிரலாம்."

"சொல்லுடி."

அவள் எழுந்துபோய்க் கையை அலம்பி, துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "அந்தப் பேச்சு நெசந்தான். தோட்டத்துல ஒரு பொம்பளை அவருக்குச் சோறாக்கிப் போட்டிருக்கு. ஒரு வருசம் போல சேர்ந்து இருந்திருக்காரு. அப்புறம் அது வேற தோட்டத்துக்குப் போயிருச்சு. மன்னிச்சிருன்னு எழுதலை. தப்புன்னும் எழுதலை. இப்படி நடந்துபோச்சு, ஒனக்குத் தெரியணும், அப்படின்னு எழுதியிருந்தாரு."

நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று சாப்பிடவில்லை. கடிதத்தைப் பிரிக்காமல் எட்டு வருஷம் தள்ளிப்போட்ட வலியை அன்று மொத்தமாகப் பட்டேன். அழுது ஓய்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அதை மறைத்திருந்தால் எனக்குத் தெரிய வழியே இல்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், தாள் கூடையாகிவிட்டது. ஊர்ப் பேச்சு பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஆயுசுக்கும் அவள் காலடியில் கிடந்திருப்பேன். அவள் என்னை அழவைக்கத் துணிந்து நிஜத்தைச் சொன்னாள். அதனால் பல்வலியும் புளிக்குழம்பும் நிஜம். அடுத்த சனிக்கிழமை போனபோது சந்தேகம் இல்லாமல் போனேன்.

ஐந்தாவதும் ஆறாவதும் காய்ச்சலில் கிடந்ததைப் பற்றி. ஏழாவதில் திட்டியிருந்தார், ஒரு பெண்ணுக்கு இவ்வளவு வீம்பு ஆகாது என்று. அதைச் சொல்லும்போது அருளாயி என்னைப் பார்த்து, "அதுல எனக்கும் சம்மதந்தான்" என்றாள். எட்டாவதில் ஒரு நாய் வளர்ப்பதாக எழுதியிருந்தார். மூன்று வருஷமாக இதையெல்லாம் எப்படி ஞாபகம் வைத்திருந்தாய் என்று ஒருநாள் கேட்டேன். "என்னைக்காச்சும் நீ கேப்பேன்னு தெரியும். கூழ் ஆட்டுறப்ப எல்லாம் ஒருவாட்டி சொல்லிப் பாத்துக்குவேன். நான் மறந்துட்டா அப்புறம் எங்கிட்டுப் போய்த் தேடுவ?" என்றாள்.

பதினோராவது கடிதம் ஜப்பான்காரன் மலாயைப் பிடிப்பதற்குச் சற்று முன்னால் வந்தது. அதில் இரண்டே வரி. 'நீ பதில் எழுத வேண்டாம். இதையெல்லாம் படிக்கிறாயா இல்லையா என்று மட்டும் ஒரு கார்டு போடு.'

அதைக் கேட்டுவிட்டு நான் அந்த முற்றத்திலேயே படுத்துவிட்டேன். அவள் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். "காமு, நீ கட்டைக் குடுத்தது பொங்கலுக்கு முந்தி. நான் அதை வாசிச்சன்னைக்கு அவரு உசுரோடதான் இருந்தாரு. யாரோ ஒருத்தி படிச்சிட்டா. அம்புட்டுத்தான் என்னால ஆச்சு" என்றாள்.

அதன் பிறகு நான் அரிமளத்துக்கு மாற்றலாகி வந்தேன். அவளுக்குக் காமாலை என்று கேள்விப்பட்டு இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டாவது தடவை ஆளே மஞ்சளாகிக் கிடந்தவள், அரிமளத்துப் பள்ளிக்கூடத்தில் பழைய பதிவேடுகளை என்ன செய்கிறார்கள் என்று கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். சொல்வதற்குள் உபதேசியார் வந்துவிட்டார்.

அடக்கம் முடிந்து வந்த வாரம், அந்தப் பதினொரு கடிதத்தையும் எழுதி வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். தெரிந்த ஒருத்தியும் போய்விட்டாள், இனி என் தலையில் இருப்பதுதான் மிச்சம். முதல் வரியை எழுத என் வீட்டுக்காரரின் குரலை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று, எனக்கு அந்தக் குரல் மறந்தே போய்விட்டது. மூன்று மணி மழையும், பல்வலியும், தோட்டத்துப் பெண்ணும், நாயும், கடைசியில் அந்த ஒரு கார்டும் எல்லாம் அருளாயியின் குரலில்தான் வந்தன. அப்படியே எழுதிக்கொண்டேன். என் புருஷன் எனக்கு எழுதியதெல்லாம் என் சிநேகிதியின் குரலில் என்னிடம் இருக்கிறது; அவளுடையது என்று நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.